பேராசிரியர்கள் இல்லாத சாப்பாடு

"இங்க பேராசிரியர் ஒருத்தரும் கிடையாது. மனசுல இருக்கறதைத் தாராளமா கேளுங்க டெரிக்" என்றாள் அந்தக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவி ஷெல்பி, சூப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தியபடி.

பல்லுக்கு க்ளிப் போடும் மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் இந்த மதியச் சாப்பாடு உண்டு. காலையில் பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். மதியம், வந்தவன் அங்கே படிக்கிறவர்களைக் கேட்கலாம். பெரியவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். காலையில் கேட்பது பூச்சு, மதியம் கேட்பதுதான் உண்மை என்று விண்ணப்பிக்கிற எல்லோரும் நம்புகிறார்கள். நம்பட்டும்.

டெரிக் இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் இப்படிச் சாப்பிட்டிருக்கிறான். சாப்பாடு கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. டிசம்பரில் வந்த தேர்வு முடிவிலும் அவன் பெயர் வரவில்லை. சாதாரணப் பல் டாக்டராகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஒஹையோவில் இந்தக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் ஓர் இடம் காலி என்று பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. துறைத் தலைவர் டாக்டர் க்ரீவ் இன்று காலையிலேயே கையைக் குலுக்கி, "இடம் உனக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லு" என்றுவிட்டார்.

ஆனால் நெப்ராஸ்காவில் ஹேங்க் கிழவரும் இன்றைக்குள் பதில் கேட்டிருந்தார். தன் பல் மருத்துவமனையில் டெரிக்கைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆசை. அவன் வரவில்லையென்றால் வேறொரு டாக்டர் தயாராக இருந்தார். இரண்டில் எதை விட்டாலும் விட்டதுதான்.

"க்ரீவ் கோவக்காரர்னு கேள்விப்பட்டேன்" என்றான் டெரிக்.

"யார் சொன்னது? கண்டிப்பானவர், அவ்வளவுதான். தப்பு பண்ணா சொல்லுவார். சொன்னாத்தானே கத்துக்க முடியும்?"

"பாடம் நடத்தறாங்களா, இல்ல நாள் முழுக்க நோயாளிங்க வாயையே பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதா?"

"செஞ்சாத்தான் கை பழகும். வெளிய போனதும் நீங்களே நன்றி சொல்லுவீங்க."

அவள் சிரித்தாள். முன்பற்களின் நுனி தேய்ந்து தட்டையாக இருப்பதை டெரிக் கவனித்தான். தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?"

"அது சின்ன வயசுலேர்ந்து இருக்கற பழக்கம்" என்று ஷெல்பி உதட்டை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. தப்பா நினைக்காதீங்க. இந்த இடத்துக்கு நாயா பேயா அலையறோம். கிடைச்ச இடத்தை ஒருத்தர் பாதியில விட்டுட்டுப் போறாங்கன்னா, ஏன்?"

ஷெல்பி ரொட்டியைப் பிய்த்தாள். சாப்பிடவில்லை.

"அந்தப் பொண்ணோட புருஷனுக்கு டெக்சஸுக்கு மாத்தலாயிடுச்சு. கைக்குழந்தை வேற. அழுதுக்கிட்டேதான் கிளம்பினா. வேற ஒரு காரணமும் இல்ல."

டெரிக்கின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அவனும் கைக்குழந்தைக்காரன்தான். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக மெய்யாகவே வருத்தப்பட்டான்.

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க ஷெல்பி?"

"கையெழுத்துப் போடுவேன்" என்றாள் அவள் சட்டென்று. பிறகு குரல் தணிந்தது. "வேணும்னா வீட்டுல இன்னொரு தடவை கேட்டுக்கோங்க."

"என் மனைவி பெத் எப்பவோ சரின்னுட்டா. அங்க படிக்கறவங்ககிட்ட மட்டும் விசாரிச்சுக்கோன்னா. விசாரிச்சாச்சு."

அவன் அங்கேயே போனை எடுத்து ஹேங்கை அழைத்தான். தன்னால் வர முடியாது என்று சொன்னான்.

"வாசப் பலகையில உன் பேரை எழுதச் சொல்லியிருந்தேன்பா" என்றார் கிழவர். "பரவாயில்ல, மாத்திச் சொல்லிடறேன். நல்லா இரு."

டெரிக் போனைப் பையில் போட்டான். ஷெல்பி ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. எத்தனையோ கல்லூரியில கேட்டிருக்கேன். உங்களை மாதிரி மனசு விட்டு யாரும் பேசினதில்ல" என்று அவள் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, டெரிக் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு ஓடினான்.

சாயங்காலம் ஷெல்பி டாக்டர் க்ரீவின் அறைக்கதவைத் தட்டினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டான். திங்கட்கிழமை வரான். நெப்ராஸ்கா வேலை?"

"என் முன்னாடியே வேண்டாம்னு சொல்லிட்டார்."

"கெட்டிக்காரிதான். வேலையில இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? மத்தவங்ககிட்ட இதைச் சொல்லி வைக்காதே. எல்லாரும் கிளம்பிடுவாங்க."

"சொல்லமாட்டேன் சார். எனக்குக் குடுத்த வாக்கு..."

"சொன்னா சொன்னதுதான். உனக்குப் பதிலா ஆள் பிடிச்சுக் குடுத்துட்டே, உன்னை விட்டாச்சு, நீ கிளம்பலாம்" என்றார் க்ரீவ். டெரிக்குக்குக் கொடுக்கப்பட்ட காலி இடம், அந்த நிமிடத்தில்தான் காலியானது.