மாடிக்கு ஒரு லைன்

"சுவத்துல ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. சொல்லிட்டேன்!"

லோஷினி படிக்கட்டை மறித்து நின்றாள். கேபிள் போட வந்தவர் துளை போடும் மிஷினோடு ரூபேந்திரனைப் பார்த்தார். ரூபேந்திரன் மனைவியைப் பார்த்தான்.

"மோடம் கீழ ஹால்ல இருக்கு. நீ வேலை பாக்குற ரூம் மேல. வைஃபை அங்க வரவே மாட்டேங்குது. கேபிள் இழுக்காம எப்படிலா?"

"பவர்லைன் அடாப்டர் இருக்குல்ல? ஒண்ணைக் கீழ பிளக்ல சொருகணும், இன்னொண்ணை மேல சொருகணும். வீட்டு கரண்ட் வயர் வழியாவே இன்டர்நெட் வந்துரும். எதுக்குச் சுவத்தைக் குடையணும்?"

அந்தச் சுவர் அவளுடைய சுவர். மலேசியாவில், குளுவாங் ஊரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், லீவு நாளெல்லாம் ஏணி மேல் நின்று அவளே சாயம் அடித்தது.

"அடாப்டரை நம்ப முடியாது. எப்ப கட்டாகும்னே தெரியாது."

"கட்டானா அது என் பாடு!"

ஹாலில் உட்கார்ந்திருந்த ரூபேந்திரனின் அப்பா காளியப்பன் குறுக்கிட்டார்.

"டேய், மருமக சொல்றபடியே செய்யேன். அது ஆசைப்பட்டு அடிச்ச சாயம்டா."

அவ்வளவு பேசுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் ஆலையில் மரத்தூளுக்கு நடுவே காலம் தள்ளியவர். இப்போது நெஞ்சு பாதி வேலைதான் செய்கிறது. பக்கத்தில், மோடத்துக்கு அடுத்த பிளக்கில், ஆக்ஸிஜன் மிஷின் ஓடும். அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பகலெல்லாம் இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

கேபிள்காரர் போய்விட்டார். அடாப்டர் வந்தது.

முதல் வாரம் மானம் போனது. லோஷினிக்குச் சிங்கப்பூர் கம்பெனியில் வேலை, எல்லாம் வீட்டிலிருந்தே. மீட்டிங் நடுவில் லைன் அறுந்துபோகும். மாடிப்படி உச்சியில் வந்து நின்று, "ஐயோ, லைன் போச்சு!" என்று கத்துவாள். பிளக்கை மாற்றிப் பார்த்தாள். மோடத்தின் சுவிட்சை அடைத்துத் திறந்தாள். கேபிள் என்ற வார்த்தையை மட்டும் வாயால் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. மீட்டிங்குகள் தடங்கல் இல்லாமல் ஓடின.

"பாத்தீங்களா? எதுக்கும் கொஞ்சம் பொறுமை வேணும்" என்று புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஆனால் இன்னொரு தலைவலி ஆரம்பித்தது. மாமா.

மீட்டிங் முடிந்து தண்ணீர் குடிக்கக் கீழே வருவாள். மிஷின் ஓடாமல் அடைத்துக் கிடக்கும். மாமா வாசல் பக்கம் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருப்பார்.

"மிஷின் போடலையா மாமா?"

"இப்பத்தாம்மா அடைச்சேன். அந்தச் சத்தம் காதுக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் காத்தாட உக்காந்தேன்."

மறுநாள், "மூக்கெல்லாம் வறண்டுபோச்சும்மா" என்றார். அதற்கு அடுத்த நாள் வேறொரு சாக்கு.

அவர் உதடு கறுக்க ஆரம்பித்திருந்தது. லோஷினிக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"உங்கப்பா சின்னப் பிள்ளை மாதிரி பண்றாருங்க. இவ்ளோ பிடிவாதம் ஆகாது!"

"பிடிவாதத்தைப் பத்தி நீ பேசுறியா?" என்றான் ரூபேந்திரன்.

செவ்வாய்க்கிழமை காலை முக்கியமான மீட்டிங். பெரிய முதலாளிகளுக்கு முன்னால் அவள்தான் பேச வேண்டும். ரூபேந்திரன் வேலைக்குப் போயிருந்தான். இன்றைக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்தவளாக மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"உன் மீட்டிங் முடியட்டும்மா. அப்புறம் போட்டுக்கிறேன்."

"அந்தக் கதையே வேணாம் மாமா."

அவளே குழாயை மாட்டினாள். அவளே சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமியது.

"நான் கீழ வர்ற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாது!"

மாடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். திரையில் எல்லா முகங்களும் அப்படியே உறைந்து நின்றன. அடாப்டரில் சிவப்பு விளக்கு.

"ஐயோ, லைன் போச்சு!"

கீழே பிளக்கைப் பார்க்க ஓடினாள். படியில் கால் வைக்கும்போதே மிஷின் சத்தம் நின்றது. இன்னும் நாலு படி இறங்குவதற்குள், மேலே கம்ப்யூட்டரிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "ஹலோ லோஷினி, கேக்குதா?"

அதைக் காதில் வாங்காமல் கோபத்தோடு இறங்கினாள். மாமா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழற்றிய குழாய் மறு கையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் திக்கித் திணறி ஏதோ கேட்டார்.

திட்ட வந்தவள் தாவிப்போய் அவர் தோளைத் தாங்கினாள்.

அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். குழாயை மாட்டி, மிஷினைப் போட்டாள். மேலே முதலாளியின் குரல் பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று மாமாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு சீரான பிறகுதான் போனை எடுத்தாள்.

"என்னங்க, அந்தக் கேபிள் ஆளை இன்னைக்கே வரச் சொல்லுங்க."

"அலமாக்! மீட்டிங் கட்டாயிருச்சா? நான் அன்னைக்கே சொன்னேன்..."

"எங்க வேணாலும் துளைக்கட்டும். எத்தனை ஓட்டை வேணாலும் போடட்டும். ஆனா இன்னைக்கே."

"என்னாச்சு லோஷினி? அழறியா?"

"மிஷினை அடைச்சிட்டு, நிக்கக்கூட முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு, 'மேல லைன் வந்துருச்சாம்மா'ன்னு கேக்குறாருங்க மாமா!"