இருபத்தோராவது நிமிடம்

"போன ஞாயிறும் இருபதே நிமிஷம்தான் தம்பி. பட்டுனு உசிரை விட்டுருச்சு."

அந்த அம்மாள் கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள்.

மெக்கானிக் தலையை ஆட்டினான். பையை இறக்கி வைத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

தொடர்ந்து ஐந்தாவது ஞாயிறு. அதே மூன்றாம் மாடி வீடு. அதே மேஜை. அதே வியாதி. ஆன் செய்தால் சமர்த்தாக ஓடும். அதில் கால் பேச ஆரம்பித்தால்தான், இருபதாவது நிமிடம் சூடு தலைக்கேறி அணைந்துவிடும்.

ஐந்து ஞாயிறும் கதவைத் திறந்தது அவள் கணவர். "வாங்க" என்பார். அதோடு சரி. முதல் நாளே மனைவியிடம் சொல்லியிருந்தார், ஆள் கைராசிக்காரர், ஆனால் வாய் பேச வராது என்று.

"காது கேட்குமில்ல? போதும். பேசறதுக்கு நான் இருக்கேன்" என்றாள் அவள் அன்றைக்கு.

சொன்ன சொல் தவறவில்லை. இப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

"மணி மூணு ஆச்சு. நாலு மணிக்கு என் பையன் கூப்பிடுவான். வெளியூர்ல இருக்கான், வாரத்துக்கு ஒரு தடவைதான் பேச முடியும். அவன்கிட்ட நான் ஒண்ணு கேட்கணும் தம்பி. எடுத்த எடுப்புல கேட்டுட முடியுமா? சாப்பிட்டியா, தூங்கினியான்னு சுத்தி வளைச்சு, சரி இப்போ கேட்கலாம்னு வாயெடுத்தா, இது கண்ணை மூடிக்குது. திரும்பச் சூடு ஆறறதுக்குள்ள மாத்திரை வேலையைக் காட்டிடும், நானும் கண்ணை மூடிடறேன்."

போனில் பேசலாம்தான். ஆனால் போன் குரல் அவளுக்குக் கொசு ரீங்காரம். மேஜை மேலிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக வந்தால்தான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்குமாம்.

மெக்கானிக் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பளிச்சென்று இருந்தது. ஐந்து வாரமாகத் துடைத்த இடத்தையே துடைத்தால் தூசி எங்கிருந்து வரும்?

பிராசஸர் மேல், அதன் சூட்டைத் தணிக்க உட்கார்ந்திருந்த சின்ன ஃபேனின் ஒயர் மட்டும், சொருகியிருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது தானாகக் கழன்றுகொள்ளவில்லை. போன ஞாயிறு மூடுவதற்கு முன் அவன்தான் உருவிவிட்டான். அதற்கு முந்தைய ஞாயிறும் அவன்தான்.

பழுது இருந்தால்தானே மெக்கானிக்குக்கு இந்த வீட்டில் வேலை?

"இது மட்டும் சரியாயிட்டா, மூணு மாடி ஏறுற தண்டனை உங்களுக்கு இனி இல்ல தம்பி. நிம்மதியா இருங்க."

அவன் இன்னும் குனிந்தான். எட்டிப் பார்க்க வந்தவள், அவன் தலையில் ஒட்டியிருந்த நூலைக் கண்டுவிட்டாள். சும்மா இருக்க முடியவில்லை. விரலால் எடுத்துப் போட்டாள்.

"எண்ணெயே வைக்கிறதில்லையா? என் பையனும் இப்படித்தான். ஆனா அவன் இந்தத் தாடியெல்லாம் வைக்க மாட்டான், லட்சணமா இருப்பான். கோவிச்சுக்காதீங்க."

ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது. மூன்று விநாடி. நான்கு.

பிறகு அவன் ஒயரை எடுத்தான். சொருகினான்.

டிக்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவள் கணவரின் கையிலிருந்த பேப்பர் கீழே இறங்கியது. மனைவிக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையசைத்தார்.

மெக்கானிக் பார்த்தான். பார்க்காத மாதிரி திருகுகளை இறுக்கினான். சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுழன்றது. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கினான்.

தெருவரைக்கும் போகவில்லை. படி திரும்பும் இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தான். செல்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மணி நான்கு.

மூடிய கதவுக்கு அப்பால், அந்தக் கம்ப்யூட்டர் கிணுகிணுத்தது.

"அம்மா... சாப்பிட்டியாம்மா?" என்றான் மெக்கானிக், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

ஆறு மாதம் முன்னால் அவள் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. பிழைத்து வந்தாள். கட்டிக்கொள்ள ஓடி வந்த ஒரே பிள்ளையை, "யாரோ என் பையன் மூஞ்சியை மாட்டிக்கிட்டு வந்திருக்கான், குரலைக்கூடத் திருடிட்டான்" என்று அலறி வெளியே தள்ளினாள். எத்தனை முறை வந்தாலும் அதே அலறல். முகம் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் உருகுவாள். இப்படியும் சிலருக்கு ஆகும், சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவன் தாடி வளர்த்தான். பேச்சை வாசலிலேயே கழற்றி வைத்தான். அப்பா "வாங்க" என்று உள்ளே விட்டார்.

பதினெட்டு நிமிடம். அவள் மெக்கானிக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். "தங்கமான ஆளுடா. பாவம், இனிமே வர வேண்டியதில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பத்தொன்பது.

இருபது.

அணையவில்லை.

இருபத்தோராவது நிமிடம், அவள் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு கேட்கட்டுமா? ஒரே ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போயேன்டா. உன் மூஞ்சியப் பார்க்கணும் போல இருக்கு."

அவன் நிமிர்ந்து அந்தக் கதவைப் பார்த்தான்.

"லீவு கிடைச்சதும் வரேம்மா" என்றான், பதினாறு படிகளுக்குக் கீழே இருந்து.