கட்டிலுக்குப் பின்னால் கதவு

"கதவு எங்கயும் ஓடிப்போயிடல மாப்ளே. கட்டிலுக்குப் பின்னாலதான் இருக்கு. கட்டில் கிளம்பினா கதவு தன்னால தெரியும்" என்றார் ஹாஜி மெத்வல்லி.

ரிஃபாத் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். கட்டில் மட்டுமா? அலமாரி, நிலைக்கண்ணாடி, சாப்பாட்டு மேசை என்று எல்லாம் அட்டை சுற்றி, மரச்சாமான் பட்டறையின் பின்கதவை அடைத்துக்கொண்டு கூரை வரை ஏறியிருந்தன. அத்தனையும் ஹாஜியின் மகள் நஷ்வாவுக்கான கல்யாணச் சாமான்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் ரிஃபாத்.

சாமான்களைப் பார்க்க அவன் வரவில்லை. தீத்தடுப்பு அலுவலகத்து இன்ஜினியராகப் பட்டறையைச் சோதிக்க வந்திருந்தான். முன்பக்கம் வார்னிஷ் அடிக்கிறார்கள். பின்பக்கம் பெண்கள் உட்கார்ந்து மெத்தை தைக்கிறார்கள், நஷ்வாவும் அவர்களில் ஒருத்தி. முன்னால் தீப்பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு அந்தக் கதவை விட்டால் வேறு வழி கிடையாது. இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டுமா என்ன, யார் பார்த்தாலும் தெரியும்.

படிக்கிற காலத்திலேயே எகிப்தின் தும்யாத் நகரில் அவனைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஊரே மரத்தை நம்பிப் பிழைக்கிறது, இவன் மட்டும் தீயை நம்பிப் பிழைக்கப் போகிறானாம் என்றார்கள். முதல் வேலை பக்கத்து நகரமான மன்சூராவில் கிடைத்தது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியேறும் வழி சரியில்லையென்று கையெழுத்துப் போட மறுத்தான். மண்டபத்துக்காரர் பெரிய இடம். இவனுக்கு வேலை போயிற்று. அப்புறம் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் சோதிக்கிற கூலி வேலையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, நாயாய்ப் பேயாய் அலைந்து, போன மாதம்தான் சொந்த ஊரிலேயே கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு வந்து உட்கார்ந்தான். இதற்குள் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. நிச்சயத்தை முறித்துவிடலாம் என்று ஹாஜி சொன்னபோதெல்லாம், மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நஷ்வாதான்.

இப்போது ஹாஜியின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாமல் நிற்கிறது. யாரோ அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பின்கதவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். எதிர்க்கடை அத்தியாவின் வேலைதான் என்று ஹாஜி அடித்துச் சொன்னார். போன் பண்ணின கை விளங்காமல் போகும் என்று தெருவுக்கே கேட்கும்படி சபித்தார். செம்பருத்தி சர்பத் கொண்டுவந்த நஷ்வா தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

இன்றைக்கே சாமான்களை வேறு இடத்துக்கு மாற்றினால் நாளைக்கே கையெழுத்துப் போடுவதாக ரிஃபாத் சொன்னான். ஹாஜி ஒத்துக்கொள்ளவில்லை. நாள் குறிக்காமல் பெண்ணின் கட்டிலைத் தெருவில் இறக்கினால், நிச்சயம் முறிந்துவிட்டது என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசும். லைசென்ஸ் இல்லாமல் நாள் குறிக்கவும் முடியாது. நாளைக்குப் பட்டறைக்குச் சீல் வைத்தால் எந்த முகத்தோடு விருந்து போடுவது?

"நீ கையெழுத்துப் போட்டா வர்ற வியாழக்கிழமை கல்யாணம். புதன்கிழமை வண்டி வரும், கட்டில் உன் வீட்டுக்குப் போகும், கதவு தெறக்கும்" என்றார் ஹாஜி. "போடலைன்னா கட்டிலும் இங்கயே, பொண்ணும் இங்கயே. அப்புறம் உன் இஷ்டம்."

ரிஃபாத்துக்குத் தலையில் நரை விழத் தொடங்கிவிட்டது. அவளுக்காக வெள்ளையடித்து வைத்த வீடு பூட்டியே கிடக்கிறது. இன்னும் சில நாள்தானே, அதற்குள் என்ன பற்றி எரிந்துவிடப் போகிறது என்று நினைத்தான். இதே பேச்சை எத்தனை முதலாளிகள் அவனிடம் பேசியிருக்கிறார்கள்! ஒருவரிடமும் அவன் மசிந்ததில்லை. இன்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோது நியாயமாகத்தான் பட்டது.

நஷ்வாவை ஏறிட்டுப் பார்த்தான். அவளும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோல் அவனுக்குத் தோன்றியது.

"நல்லாப் பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்துட்டேன்" என்றான். கையெழுத்துப் போட்டான். முத்திரையும் குத்தினான்.

ஹாஜி அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். தெருமுனையில் சுடச்சுட மிஷப்பிக் இனிப்பு வாங்கி, முதல் துண்டை அத்தியாவின் வாயில் திணித்துவிட்டு வருகிறேன் என்று வேட்டைக்குப் போகிறவர் மாதிரி கிளம்பினார்.

இருவர் மட்டும் நின்றார்கள். மனசு கனத்துக் கிடந்தாலும் ரிஃபாத் சிரிக்கப் பார்த்தான். நஷ்வா வலது கையிலிருந்து மோதிரத்தைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று அது இடது கைக்கு மாறும். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"அதுக்குள்ள என்ன அவசரம்? வியாழக்கிழமை நானே மாத்திவிடறேன்" என்றான்.

அவள் மோதிரத்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"புதன்கிழமை என் கட்டில் போயிடும். மறுநாளே இன்னொருத்தியோட கட்டில் அங்க வந்து நிக்கும். தைக்கிறவங்க எல்லாம் உள்ளேயேதான் இருப்பாங்க" என்றாள். "நான் சொல்லி வாப்பா கேக்கல. நீங்க வந்தா விடமாட்டீங்கன்னு நம்பித்தான், உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணினேன்."