முகமே சாட்சி

“வயசான தோலுக்கு எதும்மா நல்லது? சந்தனப் பொடியா, அதிமதுரமா?”

“பொடியெல்லாம் தோலை இன்னும் வறட்டிடும். நல்லெண்ணெயில குங்குமப்பூவும் மஞ்சிட்டியும் போட்டுக் காய்ச்சின தைலம் இது. எனக்கு அறுபத்திரண்டு வயசு. முகத்துல ஒரு சுருக்கம் காட்டுங்க, பார்ப்போம்!”

கடைக்காரி கன்னத்தைத் திருப்பிக் காட்ட, சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

“ஏய் ஒல்லி! நீயா?”

வாசலில் நின்றவளைப் பார்த்ததும் கடைக்காரிக்குக் குப்பென்று வியர்த்தது.

“இவங்களை உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் ஒருத்தி.

“தெரியுமாவா? ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சு!”

‘ஐயோ, வாயை மூடேன்டி’ என்று கடைக்காரி கண்ணாலேயே கெஞ்சினாள்.

எல்லார் பார்வையும் வந்தவளின் முகத்தை மேய்ந்தது. அதிலும் ஒரு சுருக்கம் இல்லை.

“அப்ப உங்களுக்கும் அறுபத்திரண்டா! நீங்களும் இந்தத் தைலம்தானா?”

வந்தவள் கடைக்காரியை முறைத்தாள்.

“ஆமா,” என்றாள் வந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அலமாரி காலியானது. கடைசி ஆளும் வெளியேறியதும் தோழி கதவைச் சாத்தினாள்.

“அடிப்பாவி! நமக்கு இன்னும் நாப்பதே முடியலையேடி!”