ஏ பி சி டி சொல்லாத பிள்ளை

"பெத்த பிள்ளைக்கு ஜின் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன் டீச்சர். பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட தண்ணி ஓதி வாங்கிக் குடுத்திருக்கேன்!"

யு.கே.ஜி. தவுபிக்கின் அம்மா குல்சார் பேகம், தாளாளர் அறையில் வைத்து என் மேல் பாய்ந்தார். தவுபிக் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். துபாயிலிருந்து வந்த மாமா, கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் இவனை ஏ பி சி டி சொல்லச் சொல்லியிருக்கிறார். இவன் நான் பழக்கியபடி எழுத்துகளின் ஓசையைச் சொல்லியிருக்கிறான். 'ஆ... ப்... க்... ட்...'

பந்தியே சிரித்ததாம்.

ஓசையைக் கூட்டிப் படிக்கும் இந்த முறைக்குப் பெயர் ஃபோனிக்ஸ். மதுரையில் பயிற்சி எடுத்து வந்தேன். வந்தவள் வாயை மூடிக்கொண்டு பழையபடி நடத்தியிருக்கலாம். கேட்டால்தானே!

தாளாளர் மணிமுத்துவுக்குச் சாத்தூரில் எங்கள் பள்ளிக்கூடம், சிவகாசியில் அச்சாபீஸ். "நாளைலருந்து ஏ ஃபார் ஆப்பிள் நடத்துறதா இருந்தா இருங்க. இல்லாட்டி வேற இடம் பாத்துக்கிடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாக்பீசை எடுத்துத் தரையிலேயே ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதினேன். வகுப்பில் நடத்தாத சொல்.

தவுபிக் குனிந்து பார்த்தான். "ம்... அ... ட்... மட்! மட்டுன்னா என்ன டீச்சர்?"

"சேறுடா ராசா."

யாரும் சொல்லித்தராமல் அவனாகப் படித்த முதல் சொல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும். ஏ பி சி டி சொல்லுவானா?" என்றார் குல்சார் பேகம்.

அப்போது தாளாளரின் செல்போன் அடித்தது. அச்சாபீசுக்குச் சென்னையிலிருந்து ஆர்டர். பேசப் பேச அவர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. போனை வைத்துவிட்டு எழுந்தே நின்றார்.

"டீச்சர், உக்காருங்க. ஃபோனிக்ஸ் சார்ட் வேணுமாம், லோடு லோடா! சாயங்காலத்துக்குள்ள அம்புட்டுச் சத்தத்தையும் எழுதிக் குடுத்துருங்க. ஒங்களப் போல ஆளு இந்த ஜில்லாவுல உண்டா?"

குல்சார் பேகத்திடம் திரும்பி, "இதாம்மா இப்ப மெட்ராஸ்ல நடப்பு" என்றார். அந்தம்மா தரையில் இருந்த சொல்லை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

அல்ஹம்துலில்லாஹ்! ஜெயித்துவிட்டேன்.

"அப்ப நாளைக்கு வகுப்புல ஃபோனிக்ஸே நடத்தலாம்ல சார்?"

"நல்லாருக்கே கதை! குடோன்ல ஆப்பிள் சார்ட்டு மலையாக் கெடக்கு. அதை இனி வெளியே எவன் வாங்குவான்? நம்ம பிள்ளைக இருக்கையில என்ன கவலை டீச்சர்!"