ஐந்துக்கு இரண்டு

2022 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை. ஓஹியோ மாநிலம், யங்ஸ்டவுன் நகரில் ஒரு நரம்பியல் மருத்துவமனையில் ரூஃபஸ் டில்லார்டிடம் ஐந்து சொற்கள் சொல்லப்பட்டன.

சாவி, மேகம், நாற்காலி, ஆப்பிள், பாலம்.

ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ரூஃபஸுக்கு வயது முப்பத்தேழு. எட்டுப் பருவங்கள் அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கராக ஆடியவன். எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்தே அவர்கள் அடுத்துச் செய்யப்போவதைக் கணித்து, தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்லிவிட்டு, தானும் ஓடிப்போய் மோதுகிற வேலை.

இப்போது அடுப்பை அணைக்க மறக்கிறான். போன மாதம் சொந்தத் தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றான். மனைவி ஒடெசா பள்ளிப் பேருந்து ஓட்டப் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆட்டத்தை நடத்தும் அமைப்பான லீக், தலையில் அடிபட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கு அப்படி ஆள் தரும். ஆனால் அவன் மூளை முன்பைவிடக் கெட்டிருக்கிறது என்று, இங்கே சோதிக்கும் லீக்கின் டாக்டர் எழுத வேண்டும்.

“சொல்லுங்க, மிஸ்டர் டில்லார்ட்.”

“சாவி. அப்புறம்... பாலம்.” முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். “முறைக்காதீங்க கோச், வருது.”

காலையிலிருந்து டாக்டரைக் கோச் என்றுதான் அழைக்கிறான். முதல் தடவை, வேடிக்கை என்று நினைத்து டாக்டர் சிரித்தார்.

“ஆணி!” என்றான் ரூஃபஸ் திடீரென்று. “வெண்ணெய். ஜன்னல். அஞ்சு ஆச்சா?”

டாக்டர் எழுதினார்: சரி இரண்டு. தொடர்பில்லாத சொற்கள் மூன்று - ஆணி, வெண்ணெய், ஜன்னல்.

பிறகு பழைய கோப்பைத் திறந்தார். 2007 ஜூலை, ரூஃபஸின் முதல் பயிற்சி முகாம். அடிபடுவதற்கு முன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வைக்கிற அதே சோதனை, வேறு சொற்கள். அதிலும் ஐந்துக்கு இரண்டு.

“அப்பவும் ரெண்டு, இப்பவும் ரெண்டு. இவர் ஆரம்பத்துலேருந்தே இப்படித்தான், மேடம்.”

ரூஃபஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடெசா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“முகாம்ல எவன் ஒழுங்கா பதில் சொன்னான்? முதல்ல நல்ல மார்க் வாங்கினா, அடிபட்டப்புறம் குறையும். குறைஞ்சா பெஞ்சுல உக்கார வெப்பாங்க. புதுசா வந்தவன்னா வீட்டுக்கே அனுப்பிருவாங்க. அதனால தெரிஞ்சே தப்பா சொல்லுவாங்க. கோச்சுக்குத் தெரியும், துண்டு எடுத்துக் குடுக்கிறவனுக்குக்கூடத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா? அதே வாரம் இருநூறு ஆட்டத்திட்டத்தை மனப்பாடமா ஒப்பிச்சவனுக்கு அஞ்சு வார்த்தை நிக்கலையா?”

“எழுத்துல ஏதாவது இருக்கா?”

ரூஃபஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “கோச்கிட்ட கத்தாத, டெஸ். என்னைப் பெஞ்சுல உக்கார வெச்சிருவாரு.”

அவள் கையை உதறிவிட்டுக் கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய தாள்.

ஆணி, குதிரை, வெண்ணெய், ஜன்னல், தொப்பி.

குதிரைக்கும் தொப்பிக்கும் எதிரே சரி என்ற குறி. மற்ற மூன்றுக்கும் எதிரே ‘நினைவில்லை’.

இன்றைய தாளை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். விரலால் மேசையில் குத்தினாள்.

“படிங்க. அன்னிக்குச் சொல்லாம விட்ட மூணு. பதினஞ்சு வருஷமா வாய்க்குள்ளேயே வெச்சிருந்திருக்கான்.”

டாக்டர் இரண்டு தாள்களையும் படித்தார். மறுபடியும் படித்தார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்.

ஏப்ரல் 19 அன்று லீக்கின் கடிதம் வந்தது. முந்தைய சோதனையோடு ஒப்பிடுகையில் மாற்றம் ஏதுமில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.