விட்டுக்கொடுத்தவள்

"ஆட்டம் போதும் சார். நாங்க தோத்துட்டோம்" என்றாள் கேப்டன் பரிபூரணம்.

அம்பயர் நம்பவில்லை. ராஜபாளையம் பெண்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே விக்கெட். பரிபூரணத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூட அணி ஜெயித்த மாதிரிதான்.

"யாருக்காச்சும் அடிபட்டிருச்சாம்மா?"

"இல்ல சார். எனக்குத்தான் முடியல."

தன் அணிப் பெண்களை எல்லாம் கூப்பிட்டாள். ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டு, கும்பலாக மைதானத்தைக் கடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். வேலி ஓரம் நின்ற ஆண்கள் சீட்டி அடித்தார்கள்.

"பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வெளாட்டு?"

யாரோ சொன்னது, விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த விளையாட்டு டீச்சர் ஜெயபாய் காதில் விழுந்தது.

1938-ல் ஒரு பெண்கள் அணியைச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமா? "பொண்ணு பெரியவளானா என்ன? படிக்கட்டும், ஆடட்டும்" என்று வீடு வீடாகப் போய் மன்றாடியவள் அவள்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டாள்.

"பயந்துட்டியா?"

பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா டீச்சர்."

"மதராஸ்ல மாகாண அணிக்கு ஒன்னையத்தான் கேப்டனாப் போடச் சொல்லிருந்தேன். இனிமே அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. தொப்பியக் கழத்து."

கழற்றிக் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீச்சரின் மகள் அமிர்தவல்லியும் அணியில் உண்டு. கடைசி சீட்டில் அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். தோற்ற துக்கம் என்று நினைத்தாள் டீச்சர்.

வழியில் தபாலாபீஸ் வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். 'பரிபூரணம் வேண்டாம்' என்று மதராஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டுத்தான் திரும்ப ஏறினாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கிணற்றடிப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். அமிர்தவல்லி தன் வெள்ளைப் பாவாடையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை.

"ஏட்டி, இது எப்ப?"

"கிரவுண்டுலயேம்மா." அவள் நிமிரவில்லை. "ஆம்பளைக நின்ன பக்கம் நான்தான் பந்து தடுக்க நின்னேன். எனக்கே தெரியல. பூரணம் அக்கா பாத்துட்டாக. என்னைய நடுவுல விட்டு எல்லாரையும் சுத்தி நடக்கச் சொன்னாக."

டீச்சர் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பள்ளி விடுதிக்குப் போனாள். தலை வாரிக்கொண்டிருந்த பரிபூரணம் எழுந்து நின்றாள்.

"அவசரப்பட்டுட்டேன் பூரணம். நடந்ததச் சொல்லி இன்னொரு தந்தி குடுக்கேன்."

"வேண்டாம் டீச்சர். அமிர்தம் பேரு வெளிய வந்துரும்."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமில்ல? நான் பெத்தவ இல்லையா?"

பரிபூரணம் சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஒங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு எங்கையப் பிடிச்சு அழுதா டீச்சர். பெரியவளாயிட்டா படிப்பு கிடையாது, மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்துருவேன்னு சொல்லிருக்கீகளாம்."

ஜெயபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்தது.

"இன்னைக்கு அவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீகளா டீச்சர்?" என்று கேட்டாள் பரிபூரணம்.